கணினியின் உறுப்புகளும் சங்கத்தின் கணக்கும்

தறியில் அமரும் நெசவாளர் எவரும் அச்சு எது, விழுது எது, நாடா எது என்று பிறரைக் கேட்டு அறியவேண்டிய நிலையில் இல்லை. கிணற்றில் மோட்டார் வைத்திருக்கும் விவசாயி எவரும் ஸ்டார்ட்டர் எது, ஃபுட்வால்வு எது என்று தடுமாறுவதில்லை. கருவியின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறிந்திருப்பதனாலேயே பழுது நேரும்போது எவ்விடத்தில் பழுது என்று கண்டுகொள்கிறோம். செப்பனிட வருபவரிடம் இன்னது செய்க என்று திட்டமாகச் சொல்கிறோம். வீண் செலவுக்கும் ஆளாகாமல் தப்புகிறோம்.

ஆனால் நமது சங்க அலுவலகத்து மேசைமேல் வீற்றிருக்கும் கணினியைப் பற்றி இவ்வறிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? நமது பங்குத் தொகையும், சிக்கன நிதியும், நூல் கணக்கும், கூலிக் கணக்கும், பயிர்க் கடனும் இன்று அக்கருவியிலேதான் எழுதப்படுகின்றன. அதன் உறுப்புகளின் பெயர்கூட அறியாதிருப்பது நமக்கு நன்மை பயப்பதன்று. இதனை நாம் வெறும் உபதேசமாகக் கூறவில்லை. கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நேர இருந்த நட்டம்

ஓர் ஐப்பசி மாதத்திலே, நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில் நாம் இருக்க நேர்ந்தது. முந்தின இரவு பெருமழை. இடியும் மின்னலும் மிகுதி. காலையில் கணினியின் பொத்தானை அழுத்தினால் ஒளியும் இல்லை, ஓசையும் இல்லை. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார்; பார்த்தார்; “சி.பி.யு. போய்விட்டது ஐயா, இனி இது உதவாது. புதிது வாங்கிவிடுங்கள், பழையதை நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றார். காரியதரிசியின் முகம் வெளுத்துவிட்டது. மூன்று ஆண்டுக் கணக்கு அப்பெட்டிக்குள் இருந்தது. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. புதுக் கணினி வாங்கத் தீர்மானம் எழுதவும் தொடங்கினார்கள்.

அப்பொழுது அங்கத்தினர் ஒருவருடைய மகள், பாலிடெக்னிக்கில் படிப்பவள், கூலிப் பணம் வாங்கவந்த தந்தையுடன் நின்றிருந்தாள். “மாமா, சி.பி.யு. என்று எதைச் சொல்கிறார்கள்? பெட்டியையா, உள்ளே இருக்கும் சில்லையா?” என்று காரியதரிசியைக் கேட்டாள். அவருக்கு விடை தெரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்ததில், மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி ஒன்றே கருகியிருந்தது. புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்கு செலவில் அப்பகுதி மாற்றப்பட்டது. கணக்கு முழுவதும் சேதமின்றிக் கிடைத்தது. பழைய பெட்டியை அவர் கையில் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அங்கத்தினர்களே எண்ணிப் பார்க்கலாம். போகவிருந்தது பணம் மட்டுமன்று. அந்தச் சங்கத்துக் குடும்பங்கள் அனைத்தின் வரவு செலவும் அதனுடன் போயிருக்கும்.

தறியிலிருந்து வந்த அறிவு

கணினி நமக்கு அந்நியமான பொருள் என்று நெசவாளர்கள் எண்ண வேண்டியதில்லை. அதன் முன்னோர்களுள் ஒன்று தறியே. 1804 ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர், தமக்கு முன்னிருந்தோர் செய்த முயற்சிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கும் பொறியை அமைத்தார். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிகளின்மேல் நாம் காணும் ஜக்கார்டு பெட்டி அதன் வழிவந்ததுதான். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். துளை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே சொற்களால் மாங்காயும் மயிலும் அன்னமும் துணியில் பிறக்கின்றன. ஜக்கார்டின் உருவத்தையே 1839 இல் லியோனில் பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன.

அத்துளை அட்டையைக் கணக்கிடும் பொறிக்கும் பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830களில் திட்டமிட்டார். அவர் காலத்தில் அப்பொறி முற்றுப்பெறவில்லை. அமெரிக்காவில் ஹெர்மன் ஹொலரித் என்பவர் 1890 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். இன்றைய கணினியில் அட்டை இல்லை. துளைக்குப் பதிலாக, மின்சாரம் பாய்கிறதா, நிற்கிறதா என்பதே அதன் மொழி. பாய்ந்தால் 1; நின்றால் 0. மின்சாரத்தை அவ்வாறு விடவும் நிறுத்தவும் வல்ல நுண்ணிய கதவுக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர். 1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அது செய்யப்பட்டது. 1971 இல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நகம் அளவுள்ள ஒரு சில்லில் பல நூறு கோடி அடங்குகின்றன.

பெட்டிக்குள் இருப்பவை

மேசைமேல் வெளிப்படையாகத் தெரிபவற்றைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தைக் காட்டுவது மானிட்டர் என்னும் திரை. எழுத்தை உள்ளே செலுத்துவது கீபோர்டு. திரையில் இடம் காட்டுவது மௌஸ். தாளில் அச்சிட்டுத் தருவது பிரிண்டர். இவற்றில் எது பழுதானாலும் கணக்குக்கு ஊறில்லை. நாம் அறியவேண்டியவை பெட்டிக்குள்ளே உள்ளன.

முதலாவது, பவர் சப்ளை. பழுது பார்ப்போர் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்னும் சிறு அளவுகளாக்கி ஏனைய உறுப்புகளுக்குப் பங்கிட்டுத் தருவது இதன் வேலை. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வதும் இதுவே. மேற்சொன்ன சங்கத்தில் கருகியது இப்பகுதிதான்.

இரண்டாவது, மதர்போர்டு. எல்லா உறுப்புகளையும் தாங்கி, ஒன்றோடொன்று இணைக்கும் பலகை. தறிக்குச் சட்டம் எப்படியோ, கணினிக்கு இது அப்படி.

மூன்றாவது, பிராசசர். சி.பி.யு. என்னும் பெயர் உண்மையில் இதற்கே உரியது. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் ஆகிய வேலைகளைச் செய்யும் சில்லு இது. வழக்கத்தில் பெட்டி முழுவதையுமே சி.பி.யு. என்று அழைக்கிறோம். வழக்கில் குற்றமில்லை, ஆனால் “சி.பி.யு. போய்விட்டது” என்று ஒருவர் சொன்னால், பெட்டியா, சில்லா என்று கேட்பது நமது கடமை. இதன் வேகத்தைக் கிகாஹெர்ட்சு என்னும் அளவால் குறிப்பர். 3 கிகாஹெர்ட்சு என்றால் ஒரு நொடியில் 300 கோடித் துடிப்பு என்று பொருள்.

நான்காவது, ராம். இது வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம். கணக்கர் ஒரு பேரேட்டை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துக்கொள்வது போன்றது. மேசை பெரிதாயின் பல ஏடுகளை ஒருசேர விரிக்கலாம். வேலை விரைவாக நடக்கும். ஆனால் மின்சாரம் நின்ற மறுகணமே இதில் உள்ளவை அழிந்துவிடும். எழுதியதைச் சேமிக்காமல் இருக்கையில் மின்சாரம் போனால் அன்றைய உழைப்பு மறைவது இதனாலேதான்.

ஐந்தாவது, ஹார்டு டிஸ்க். இதுவே பேரேடுகளை அடுக்கி வைத்திருக்கும் அலமாரி. மின்சாரம் நின்றாலும் இதில் எழுதியது நிலைத்திருக்கும். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கின்றன. எழுதும் முனை தட்டைத் தொடாமல், மயிரிழையினும் மிகச் சிறிய இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது பெட்டியைத் தட்டுவதும் நகர்த்துவதும் ஏன் கூடாது என்பது இதனால் விளங்கும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே எழுதிவைக்கும் புதுவகைக்கு எஸ்.எஸ்.டி. என்று பெயர். அது விரைவானது, அதிர்ச்சியைத் தாங்குவது. ஆயினும் அதுவும் என்றேனும் ஒருநாள் பழுதாகக்கூடியதே.

இவ்வைந்தனுள் நான்கு பழுதானாலும் விலை கொடுத்து வேறு வாங்கிவிடலாம். ஐந்தாவதாகிய அலமாரி பழுதானால், அலமாரியை வாங்கலாம். அதிலிருந்த கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இவ்வொன்றை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்; இக்கட்டுரையின் பயன் பெரும்பாலும் நிறைவேறிவிடும்.

அளவைகள்

நூலுக்குக் கவுண்ட் உண்டு. நெல்லுக்கு மூட்டை உண்டு. கணினிக்கும் அளவைகள் உண்டு. 1 அல்லது 0 என்னும் ஒரு குறி பிட் எனப்படும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஓர் ஆங்கில எழுத்தை எழுத ஒரு பைட் போதும். யூனிகோடு முறையில் இன்று பெரிதும் வழங்கும் அமைப்பில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். தறி என்னும் சொல்லில் த, ற, இகரக் கொம்பு ஆகிய மூன்று குறிகள் உள்ளன. ஆகவே அதற்கு ஒன்பது பைட்.

ஆயிரம் பைட் ஒரு கிலோபைட். பத்து இலட்சம் பைட் ஒரு மெகாபைட். நூறு கோடி பைட் ஒரு கிகாபைட். ஓர் இலட்சம் கோடி பைட் ஒரு டெராபைட். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், 50 பெரிய தட்டுகளுடன் ஒரு டன்னுக்குமேல் எடையுள்ளதாய் இருந்தும், 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. இன்று உள்ளங்கையில் அடங்கும் 500 கிகாபைட் அலமாரி, அதைப்போல் ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு கொள்ளும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சேமிப்பின் அளவைப் பைட்டிலும், இணையத்தின் வேகத்தைப் பிட்டிலும் சொல்வது வழக்கம். “நொடிக்கு 100 மெகாபிட்” என்று விளம்பரம் செய்யப்படும் இணைப்பில், ஒரு நொடிக்கு அதிகமாய்ப் போனால் 12.5 மெகாபைட்டே வரும். நூறு என்ற எண்ணை மட்டும் கண்டு மயங்கினால், எட்டில் ஒரு பங்கே கிடைத்ததென்று பின்னர் வருந்த நேரும்.

கணினிகள் இணையும் முறை

சங்கத்தில் இரண்டு மூன்று கணினிகள் இருந்து, அவை ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறிக்கொண்டால் அதற்கு லேன் என்று பெயர். இவற்றை இணைப்பது லேன் கேபிள். இதனைப் பிரித்துப் பார்த்தால் நெசவாளர்கள் வியப்படைவார்கள். உள்ளே எட்டுச் செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக, நான்கு முறுக்குகளாக அமைந்திருக்கின்றன. நூலுக்கு முறுக்கு வலிமை தருகிறது; கம்பிக்கு முறுக்கு, அயலிலிருந்து புகும் மின் குழப்பத்தை நீக்குகிறது. அண்டை முறுக்குகள் ஒன்றையொன்று கெடுக்காதிருக்க, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் முறுக்கியிருக்கிறார்கள். இக்கேபிளை 100 மீட்டருக்குமேல் ஒரே தொடராக இழுப்பது முறையன்று.

பல கேபிள்கள் வந்து சேரும் பெட்டி ஸ்விட்ச். எந்தக் கணினிக்கு உரிய செய்தியோ அதற்குமட்டும் அனுப்பிவைப்பது இதன் பணி. சங்கத்தின் எல்லைக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்பது ரவுட்டர். வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே மடையிலிருந்து, எத்தண்ணீர் எவ்வழிச் செல்லவேண்டும் என்று முடிவு செய்யும் நீர்பாய்ச்சியை இதற்கு ஒப்பிடலாம். கம்பியின்றி வானொலி அலைகளால் இணைப்பது வைஃபை. சுவர் தடித்தால் இதன் வலிமை குறையும். கணக்கு எழுதும் கணினிக்குக் கேபிளே நம்பத்தக்கது.

தொலைவிலிருந்து இணையத்தைக் கொண்டுவருவது இப்போது பெரும்பாலும் கண்ணாடி இழை. கண்ணாடியைப் போதிய தூய்மையுடன் செய்தால் ஒளியின் வழியே செய்தியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று சார்லஸ் காவ் என்னும் அறிஞர் 1966 இல் எடுத்துக்காட்டினார். அதற்காக 2009 இல் நோபல் பரிசு பெற்றார். தலைமயிர்போன்ற அவ்விழைதான் ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டத்திலும் இழுக்கப்படுகிறது. ஒளியாய் வருவதை மின்குறியாய் மாற்றித் தரும் சிறு பெட்டியைப் பலரும் மோடம் என்றே அழைக்கின்றனர்.

ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, புள்ளியிட்டு எழுதப்படும். 192.168 என்று தொடங்குவது உள் முகவரி. இது ஆயிரம் சங்கங்களில் ஒன்றுபோலவே இருக்கலாம், ஊர்தோறும் ஒரு வடக்குத் தெரு இருப்பதைப்போல. வெளி முகவரி ஒன்றுபோல் மற்றொன்று இராது. நான்கு எண் முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமையும். உலகத்துக்கு அவை போதாமையால் இன்னும் நீளமான புது முறையும் வழக்குக்கு வந்துள்ளது.

நாம் அனுப்பும் கணக்கு ஒரே மொத்தமாய்ச் செல்வதில்லை. கிடங்கிலிருந்து சரக்கைச் சிறு மூட்டைகளாகக் கட்டி, ஒவ்வொன்றின்மேலும் முகவரியும் எண்ணும் எழுதி அனுப்புவதைப்போல, செய்தியும் பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. அவை வெவ்வேறு வழியில் போகலாம், முன்பின்னாகச் சேரலாம். சேருமிடத்தில் எண்ணின்படி அடுக்கப்பெறும். ஒன்று குறைந்தால் மீண்டும் அனுப்புமாறு கேட்கப்பெறும். இம்முறையில் 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் இரு கணினிகளுக்கிடையே முதற் செய்தி சென்றது. ஐந்தெழுத்துச் சொல்லில் இரண்டெழுத்துச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி நின்றுபோயிற்று! தொடக்கத்தில் இடறுவது நமக்குமட்டும் உரியதன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15 அன்று கிடைத்தது.

கணக்கு இருக்கும் இடம்

பிற கணினிகள் கேட்பதைத் தருவதற்கென்றே எப்போதும் விழித்திருக்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐ 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. எல்லாச் சங்கங்களும் ஒரே பொது மென்பொருளில் கணக்கு எழுதி, மாவட்ட, மாநிலக் கூட்டுறவு வங்கிகளின் வாயிலாக நபார்டு வங்கியுடன் இணைவதே அதன் நோக்கம். அத்தகைய ஏற்பாட்டில் கணக்கு சங்கத்தின் அலமாரியில் மட்டும் தங்குவதில்லை. தொலைவிலுள்ள சர்வரில் பதிவாகிறது. அறையிலுள்ள கணினி கருகினாலும் கணக்கு பிழைக்கும். ஆனால் இணைப்பு அறுந்தால் அன்றைய வேலை நிற்கும். கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால் கணக்கும் அவர் கைக்குப் போகும்.

அவ்வசதி இல்லாத நெசவாளர் சங்கங்களும் பிற சிறு சங்கங்களும் கணக்கைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். படி எடுத்து வைப்பதே அதற்கு வழி. அப்படியை அதே மேசையின் இழுப்பறையில் வைத்தால் தீயும் திருட்டும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தாலும் பயனில்லை. கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்கள், செருகியுள்ள படியையும் பூட்டிவிடும்.

பொதுக் குழுவில் கேட்கவேண்டியவை

அங்கத்தினர்கள் யாவரும் கணினி வல்லுநர் ஆகவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அடுத்த பொதுக் குழுவில் பின்வரும் வினாக்களைப் பணிவுடனும் உறுதியுடனும் எழுப்பினால் போதும்:

1. நமது கணக்கு அறையிலுள்ள ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறதா, வெளியிலுள்ள சர்வரில் இருக்கிறதா?

2. கடைசியாக எந்தத் தேதியில் படி எடுக்கப்பட்டது? அது எவ்விடத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது? அப்படியிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்ததுண்டா?

3. மின்சாரம் நின்றால் வேலையைச் சேமித்து முடிக்கும்வரை தாங்கும் யு.பி.எஸ். இருக்கிறதா? அதன் பேட்டரி நல்ல நிலையில் உள்ளதா? நில இணைப்பு சரியாக உள்ளதா?

4. இடி மின்னல் நாட்களில் மின் இணைப்பைக் கழற்றுகிறார்களா? செப்புக் கேபிளையும் கழற்றுகிறார்களா? மின்னல் அவ்வழியும் வரும்.

5. ரவுட்டருடன் வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றியாயிற்றா?

6. பழுதென்று எந்த உறுப்பையேனும் மாற்றினால், அதன் பெயரும் காரணமும் பில்லில் எழுதப்படுகின்றனவா? பழைய ஹார்டு டிஸ்க் சங்கத்தின் வசமே இருக்கிறதா?

இவ்வாறு கேட்பது காரியதரிசியின்மீது ஐயங்கொள்வது ஆகாது. அவருடைய சுமையில் பங்குகொள்வதே ஆகும். மேற்கூறிய சங்கத்துக் காரியதரிசியே இப்போது சனிக்கிழமைதோறும் படி எடுத்து, நிர்வாகக் குழுவினர் ஒருவரிடம் ஒப்படைத்துக் கையொப்பம் பெறுகிறார். அந்தச் சிறு புத்தகத்தை நாம் பார்த்தோம்; ஒரு வாரமும் விடுபடவில்லை.

கணக்கு ஏட்டில் இருந்த நாளில், அங்கத்தினர் ஒருவர் அலுவலகத்துக்குச் சென்று தம் பெயருக்கு நேரே உள்ள வரியை விரல்வைத்துப் பார்க்க முடிந்தது. இன்று அவ்வரி கண்ணுக்குத் தெரியாத துடிப்புகளாய் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. இருக்குமிடம் மாறியதேயன்றி உரிமை மாறவில்லை. அது எவ்விடத்தில் இருக்கிறது, எவ்வாறு காக்கப்படுகிறது என்று அறிந்துவைத்திருப்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.